ஊருணி மண்ணுக்குச் சரியான கணக்கு

பொறியாளராயினும், கற்ற கணக்கை நெடுநாள் கையாளாதிருப்பின் மறந்துபோதல் இயல்பே. ஊருணி வெட்டிய மண்ணை அளக்கும்போது இம்மறதியை நாம் காண்கிறோம்.

ஓர் ஊருணியின் மேல்வாய் 40 மீட்டருக்கு 20 மீட்டர். அடித்தளம் 28-க்கு 8. ஆழம் 3 மீட்டர். நாற்புறமும் ஒரே சீரான சரிவு எனக் கொள்வோம். மேற்பரப்பு 800 சதுர மீட்டர்; அடிப்பரப்பு 224. இவற்றின் சராசரியாகிய 512-ஐ ஆழத்தால் பெருக்கினால் 1,536 கன மீட்டர். பலர் இத்துடன் நிறுத்திவிடுகின்றனர். வேறு சிலர் நீள அகலங்களைச் சராசரி செய்து, 34-ஐ 14-ஆல் பெருக்கி, பாதி ஆழத்திலுள்ள நடுப்பரப்பு 476 எனக் கண்டு, மண் 1,428 கன மீட்டர் என்பர். முன்னதில் பஞ்சாயத்துக்கு நட்டம். பின்னதில் மண் வெட்டியவருக்கு நட்டம்.

மேற்பரப்பு, அடிப்பரப்பு, நடுப்பரப்பின் நான்கு மடங்கு ஆகியவற்றைக் கூட்டி, 6-ஆல் வகுத்து, ஆழத்தால் பெருக்குதலே முறை. 800, 224, 1,904 சேர்ந்து 2,928. அதில் ஆறிலொரு பங்கு 488. மூன்று மீட்டர் ஆழத்துக்கு 1,464 கன மீட்டர். ஆகவே முதற் கணக்கில் 72 மிகை. இரண்டாவதில் 36 குறை. நடுப்பரப்பை நீள அகலங்களின் சராசரியிலிருந்தே காண வேண்டும். பரப்புகளைச் சராசரி செய்தால் பழைய 1,536-க்கே திரும்புவோம்! கரை செங்குத்தாயின் மூன்று வழியும் ஒன்றே.

தண்ணீர் நிற்குமுன் அடித்தளத்தை நாடா பிடித்து அளந்து, அளவுப் புத்தகத்தில் எழுதச் செய்தல் அங்கத்தினர் கடமையாம்.