நித்தியகல்யாணியும் கண்ணாடிக் குடுவையும்

செரண்டாத் தோட்டத்து வீட்டு வாசல்களில் வெள்ளையும் ஊதாவுமாகப் பூத்து நிற்கும் நித்தியகல்யாணியை அறியாதார் யார்? சுடுகாட்டு மல்லி என்றும் அதற்கொரு பெயர் உண்டு. அப்பெயரைக் கேட்டு யாரும் முகஞ்சுளிக்க வேண்டாம். குழந்தைகளின் இரத்தப் புற்றுநோய்க்குக் கொடுக்கப்படும் வின்கிறிஸ்டின் என்னும் மருந்து இச்செடியிலிருந்துதான் கிடைக்கிறது.

ஜமைக்கா நாட்டில் நீரிழிவுக்கு இதன் இலைக் கஷாயத்தைக் குடிப்பதுண்டு. கனடாவில் நோபிள், பீர் என்னும் இருவர் 1950களில் அதைச் சோதித்தனர். எலிகளுக்குச் சர்க்கரை குறையவில்லை. இரத்தத்தின் வெள்ளை அணுக்களே குறைந்தன! அதைத் தொடர்ந்து ஆராய்ந்து 1958இல் வின்பிளாஸ்டின் என்னும் மருந்துச் சத்தை வெளியிட்டனர். நம்மவரில் சிலர் இன்றும் சர்க்கரை நோய்க்கு இவ்விலையைக் காய்ச்சிக் குடிக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம், அது நஞ்சு.

ஒரு கிராம் வின்பிளாஸ்டின் எடுக்கச் சுமார் 500 கிலோ காய்ந்த இலை வேண்டும். வின்கிறிஸ்டின் அதனினும் அரிது. ஆகவே, செடியை விட்டு அதன் உயிரணுக்களை மட்டும் வளர்த்தால் என்ன என்று விஞ்ஞானிகள் எண்ணினர்.

கிருமி நீக்கிய இலைத் துண்டை, சர்க்கரை, உப்புச் சத்துக்கள், வளர்ச்சி ஊக்கிகள் கலந்து உறைய வைத்த கடல்பாசியின் மேல் வைப்பார்கள். நோன்பு மாதத்தில் நம் வீடுகளில் காய்ச்சும் கடல்பாசியைப் போன்றதுதான்! சில வாரங்களில் இலையும் வேருமற்ற ஒரு திசுக்கட்டி எழும்பும். அதைத் திரவத்தில் இட்டு ஆட்டிக்கொண்டேயிருந்தால் அணுக்கள் பெருகும். இம்முறையில் ஷிகோனின் என்னும் சிவப்புப் பொருளை ஜப்பானின் மிட்சுயி நிறுவனம் 1983இல் வியாபாரத்துக்கே கொண்டுவந்தது, அது உதட்டுச் சாயத்தில் சேர்க்கப்பட்டது.

நித்தியகல்யாணி அவ்வளவு எளிதில் இணங்கவில்லை. இம்மருந்துகள் கதரன்தின், வின்டோலின் என்னும் இரு பாகங்கள் இணைந்து உண்டாகின்றன. குடுவை அணுக்கள் முதலாவதைத் தந்தன. இரண்டாவதை ஏறக்குறையத் தரவேயில்லை. ஏனெனில், வின்டோலின் பல கை மாறி உருவாவது. இலைத்தோலின் அணுக்கள் தொடங்கிய வேலையை உள்ளேயிருக்கும் பால் அணுக்கள் முடிக்கின்றன, வெளிச்சமும் வேண்டும். குடுவையிலோ இந்தப் பிரிவினை இல்லை. பால்மரம் சீவ நூறு பேர் இருந்தும், பாலை உறைய வைக்க ஸ்டோரில் ஆளில்லாவிட்டால் ரப்பர் ஷீட் எங்கிருந்து வரும்?

2022இல் டென்மார்க்கில் இயங்கிய ஆராய்ச்சிக் குழுவொன்று வேறு வழி பிடித்தது. செடியின் மரபணுக்களை ஈஸ்டுக்குள் புகுத்தி இரு பாகங்களையும் அதிலேயே விளைவித்து, கடைசி இணைப்பை இரசாயன முறையில் முடித்தது. கிடைத்த அளவு சொற்பமே. மருந்துக்கான இலை இன்னும் வயலில்தான் பறிக்கப்படுகிறது.