ஓவியனின் உள்ளத்து ஊற்று



ஓவியம் எங்கிருந்து பிறக்கின்றது? தூரிகையிலிருந்தா? வண்ணப் பெட்டியிலிருந்தா? அவை இரண்டும் வெறுங் கருவிகளே. ஓவியன் பிறந்த மரபும் அவன் வாழும் சூழலும் உள்ளத்தில் நாள்தோறும் ஊறுகின்றன. அவ்வூற்றிலிருந்தே ஓவியம் பிறக்கின்றது. இதனை நம் நாட்டு ஓவியர் ஒருவரின் வாழ்வைக் கொண்டு ஆராய்வோம்.

ஓவியர் சையத் தாஜுதீன் 1943-ஆம் ஆண்டு, தமிழகத்தின் இராமநாதபுரம் வட்டாரத்து அழகன்குளத்தில் பிறந்தார். சிறுவயதிலேயே மலாயாவுக்கு வந்து பினாங்கில் வளர்ந்தார். பின்னர்ச் சென்னை அரசு கலைக் கல்லூரியில் 1967 முதல் 1974 வரை ஓவியம் பயின்றார். 1850-இல் அலெக்சாண்டர் ஹண்டர் என்னும் மருத்துவர் தொடங்கிய பழம்பெருங் கல்லூரி அது.

அக்காலத்தில் அசந்தாக் குகை ஓவியங்கள் அவர் நெஞ்சைக் கவர்ந்தன. மண்ணையும் கல்லையும் அரைத்தெடுத்த வண்ணங்களால் பண்டையோர் தீட்டிய சுவரோவியங்கள் அவை. நீண்ட விழிகள், வளைந்து நிற்கும் மெய், தெளிந்த கோடுகள் ஆகியவை அவற்றின் சிறப்பியல்புகள். பிறப்பால் இசுலாமியரான தாஜுதீன், 1972-இல் இராமாயணக் காட்சியைப் பெரிய அளவில் தீட்டினார். மரபுச் செல்வம் அனைவர்க்கும் பொதுவன்றோ?

மலேசியா திரும்பிய பின், காலம் செல்லச் செல்ல, அவர் படங்களில் இம்மண்ணின் மணம் மிகுந்தது. பாத்திக் துணியின் பூக்களும், கெபாயா அணிந்த பெண்டிரும், மலாய்ப் பழங்கதைகளும் இடம்பெற்றன. ஆயினும் அந்த நீள்விழிகள் மறையவில்லை. பழையது வேராயிற்று, புதியது கிளையாயிற்று.

இனி, நம் பிழையொன்றைக் கூறுவோம். பல்லாண்டுகளுக்கு முன் ஓவிய வகுப்பில் ஒரு சிறுமி, தாள் முழுவதையும் கருமையாகத் தீட்டி, நடுவே சிறு மஞ்சள் ஒளியை வைத்திருந்தாள். "அம்மா விடியுமுன் பால்வெட்டப் போகிறார்" என்றாள். நாமோ, "இது படமா? மலையும் ஆறும் வரைந்து வா" என்றோம். அவளும் வாழ்த்து அட்டையில் கண்ட பனிமலையை வரைந்து தந்தாள். முழு மதிப்பெண் இட்டோம்! இன்று அந்த இடத்தில் பால்மரங்கள் இல்லை, செம்பனை நிற்கிறது. லயங்களும் இல்லை. அந்த விடியற்காலையைக் காட்ட அப்படமேனும் எஞ்சியிருக்கும். நாமே அதனை இழக்கச் செய்தோம்.

மாணவர்களே! மலை வரைய விரும்பினால், கண்ணெதிரே குனோங் டத்தோ நிற்கின்றது. எருமைக் கொம்புபோல் இருமுனையும் உயர்ந்த மினாங்கபாவ் கூரைகள் ரெம்பாவெங்கும் உள்ளன. வாசலில் அம்மா இடும் கோலத்தில் கோட்டுப் பயிற்சி உண்டு. இலையுதிர்க்குமுன் செம்மை பூணும் பால்மரத்தில் வண்ணப் பாடம் உண்டு.

பெற்றோர்களே! உங்கள் பால்வாளியையும் மங்கையும் பிள்ளை வரைந்தால் நாணாதீர்கள். அது உங்கள் உழைப்புக்கு அவன் செய்யும் வணக்கம். அத்தாளில் நாளைக் குறித்துப் பேணி வையுங்கள்.

பயிற்சி: வீட்டு வாசலில் நின்று காண்பதை வரைக. ஓராண்டு கழித்து, அதே இடத்தில் நின்று மீண்டும் வரைக. இரண்டையும் ஒப்பிடுக. மாறியது எது? மாறாதது எது?