எந்த வெர்ஷனில் என்று கேள்

அன்புள்ள பாப்பாவுக்கு,

மாமா எழுதுவது. நீ அனுப்பிய வாய்ஸ் மெசேஜைக் கேட்டேன். ஒஹாயோவின் கொலம்பஸில் வேலை பிடித்திருக்கிறது, சம்பளமும் பரவாயில்லை, ஆனால் டேட்டாபேஸைப் பார்த்துக்கொள்ளும் டிபிஏ டீமில் இருக்கும் பெருசுகள் மத்தியானச் சாப்பாட்டு நேரம் முழுக்க இரண்டே விஷயம்தான் பேசுகிறார்கள், ஒன்று புதிதாக வந்த வெர்ஷன், இன்னொன்று வீட்டுப் புல்தரையில் முளைத்த களை, அதனால் ஹெட்போனை மாட்டிக்கொண்டு சீட்டிலேயே சாப்பிட்டுவிடுகிறேன் என்கிறாய். அதை மட்டும் செய்யாதே என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். வாட்ஸ்அப்பில் தட்டினால் நீ பாதியில் விட்டுவிடுவாய்.

உன்னைக் குறை சொல்லவில்லை. வகுப்பில் பேசியவன் பெயரைக் கரும்பலகையில் எழுதிவைத்த பள்ளிக்கூடத்தில்தான் நீயும் படித்தாய், நானும் படித்தேன். தலையைக் குனிந்து வேலை பார்த்தால் போதும், மற்றது தானாக வரும் என்று நம்பி வளர்ந்தவர்கள் நாம். தேர்வுக்கு அது சரி. டேட்டாபேஸைக் கட்டிக் காக்கும் வேலைக்குப் போதாது. இந்தத் தொழிலில் பாதிப் பாடம் மேனுவலில் இருக்கிறது. மீதிப் பாடம் சாப்பாட்டு மேஜையில், கிண்டலோடு கிண்டலாகக் கைமாறுகிறது.

‘2025-க்கு எப்போது போகிறீர்கள்?’ என்று ஒருவர் கேட்க, ‘என் லானில் டேண்டலயன் ஒழிந்த அடுத்த நாள்’ என்று இன்னொருவர் சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள் என்று எரிச்சலாகச் சொன்னாயே, அதையே எடுத்துக்கொள். அவர்கள் பேசியது எஸ்க்யூஎல் சர்வர் என்ற டேட்டாபேஸின் 2025 வெர்ஷனை. அது வெளியானது 2025 நவம்பரில். டேண்டலயன் என்ற களை ஒருநாளும் முழுதாக ஒழியாது. ஆக, அவர் சொன்னது ‘இப்போதைக்கு இல்லை’ என்ற முடிவு. அதை மேனேஜர் காதில் விழும்படி நேராகச் சொன்னால் ‘ஏன்’ என்று பத்து ஸ்லைடு கேட்பார்கள். அதனால் புல் மேல் போட்டுச் சொன்னார். மேஜையில் இருந்த எல்லோருக்கும் புரிந்தது.

ரிலீஸ் என்றாலே இவர்கள் ஏன் இப்படி இழுக்கிறார்கள் என்று உனக்குத் தோன்றும். அப்ளிகேஷன் எழுதுபவர்கள் புது நிரல் சரியில்லை என்றால் பழையதை எடுத்துப் போட்டுவிடுவார்கள். நமக்கு அந்த வசதி இல்லை. எஸ்க்யூஎல் சர்வரில், புது வெர்ஷனில் எடுத்த பேக்கப்பைப் பழைய வெர்ஷனில் ரீஸ்டோர் செய்ய முடியாது. சனிக்கிழமை ராத்திரி அப்கிரேடு செய்து திங்கட்கிழமை மத்தியானம் சிக்கல் தெரிந்தால், வெள்ளிக்கிழமை பேக்கப் கையில் இருக்கிறது, சரி. நடுவில் உள்ளே வந்த ஆர்டரையும் பில்லையும் பணத்தையும் யார் திரும்ப ஏற்றுவது? அந்தப் பயத்தில் வருவதுதான் அவர்களுடைய கிண்டல்.

அதற்காக, அவர்கள் சொல்வதையெல்லாம் அப்படியே வாங்கிக்கொள்ளாதே. ‘எஸ்பி1 வரட்டும், அப்புறம் பார்க்கலாம்’ என்பது நம் தொழிலின் பழமொழி. முதல் சர்வீஸ் பேக் வரும்வரை புது வெர்ஷனைத் தொடாதே என்று பொருள். அது சும்மா வந்ததும் இல்லை. 2014 வெர்ஷனில் கார்டினாலிட்டி எஸ்டிமேட்டரை மாற்றினார்கள். ஒரு குவெரிக்கு எத்தனை வரிசை வரும் என்று முன்கூட்டியே கணக்குப் போட்டு, எந்த வழியில் தேடுவது என்று முடிவுசெய்ய உதவும் பகுதி அது. 1998-இல் வந்த 7.0-க்குப் பிறகு நடந்த முதல் பெரிய மாற்றம். பல குவெரிகள் வேகமாயின. சில குவெரிகள், ஒரு எழுத்துகூட மாறாமல், நேற்று வரை ஓடிய வேகத்தை இழந்து படுத்துவிட்டன. அந்தக் காலத்தில் ராத்திரி போன் வந்து எழுந்தவர்கள் இன்னும் அதே மேஜையில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். ஆனால் 2017 வெர்ஷனிலிருந்து மைக்ரோசாஃப்ட் சர்வீஸ் பேக் என்பதையே நிறுத்திவிட்டது. இப்போது அதற்குப் பதிலாக வருவது கியுமுலேட்டிவ் அப்டேட். வராத எஸ்பி1-க்குக் காத்திருக்கிறேன் என்று இன்றும் ஒருவர் சொன்னால், பழமொழி நிற்கிறது, அதன் அடியில் இருந்த நிலம் போய்விட்டது என்று அர்த்தம்.

நான் உனக்குச் சொல்ல நினைப்பது இது ஒன்றுதான்: அரட்டையில் வரும் ஒவ்வொரு அனுபவத்துக்கும் ஒரு வெர்ஷன் நம்பர் உண்டு. சொல்பவர் அதைச் சொல்ல மறந்துவிடுவார். நீதான் கேட்டு வாங்க வேண்டும்.

உங்கள் டீமில் போஸ்ட்கிரெஸ் என்ற இன்னொரு டேட்டாபேஸும் ஓடுகிறது என்றாய். அங்கே ஆண்டுக்கு ஒரு பெரிய வெர்ஷன், காலாண்டுக்கு ஒருமுறை சின்ன வெர்ஷன். ‘பெரிய வெர்ஷனில் புள்ளி பூஜ்யத்தில் ஏறாதே’, அதாவது 14.0 போன்ற முதல் வெளியீட்டைத் தொடாதே என்று யாராவது சொல்வார். எதை வைத்துச் சொல்கிறார் என்று கேள். 2021 செப்டம்பரில் வந்த 14-ஆம் வெர்ஷனின் கதை வெளியே வரலாம். டேபிளைப் பூட்டாமல் இண்டெக்ஸ் கட்டும் கன்கரன்ட்லி என்ற வசதியில், சத்தமில்லாமல் இண்டெக்ஸையே கெடுக்கும் பிழை இருந்தது. எரர் எதுவும் வராது, இருக்கிற வரிசையை இல்லை என்று சொல்லும். 2022 ஜூன் 16-ஆம் தேதி, வழக்கமான அட்டவணைக்குக் காத்திராமல் 14.4 வெளியிட்டுச் சரிசெய்தார்கள். கவனித்துப் பார், அந்தப் பிழை 14.0-வில் மட்டும் இல்லை, 14.3 வரை இருந்தது. ‘புள்ளி பூஜ்யம் வேண்டாம்’ என்று இருந்து 14.2-வில் ஏறியவரும் மாட்டிக்கொண்டார்.

‘சின்ன வெர்ஷன் என்றால் கண்ணை மூடிக்கொண்டு போடலாம்’ என்பார் இன்னொருவர். பெரும்பாலும் உண்மை. ஆனால் 2024 நவம்பர் 14-இல் வந்த 17.1-இல் உள்ளே ஒரு அமைப்பு மாறியதில், பழைய உள்ளமைப்பை நம்பிக் கம்பைல் செய்திருந்த சில எக்ஸ்டென்ஷன்களுக்குச் சிக்கலானது. ஒரே வாரத்தில் 17.2 வந்தது. அந்த ஒரு வாரத்தை அனுபவித்தவர் இனி ஆயுளுக்கும் ‘ஒரு வாரம் பொறு’ என்பார். எக்ஸ்டென்ஷனே இல்லாத டேட்டாபேஸுக்கு அந்த அறிவுரை எவ்வளவு பொருந்தும் என்பதை நீதான் யோசிக்க வேண்டும்.

பொறுப்பதற்கும் விலை உண்டு. 2003 ஜனவரி 25. எஸ்க்யூஎல் ஸ்லாமர் என்ற புழு. மொத்த நீளமே 376 பைட். பத்து நிமிடத்துக்குள், உலகில் தாக்கக்கூடிய நிலையில் இருந்த மெஷின்களில் சுமார் 90 சதவீதத்தை எட்டிவிட்டது. ஏடிஎம்கள் நின்றன, விமான நிறுவனங்களில் குழப்பம். அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் பேட்ச் 2002 ஜூலையிலேயே வந்துவிட்டது. ஆறு மாதம் ‘அப்புறம் பார்க்கலாம்’ என்று இருந்தவர்கள் ஒரு சனிக்கிழமையில் கணக்குத் தீர்த்தார்கள். இந்தக் கதையையும் உன் மேஜையில் யாராவது சொல்வார். எஸ்பி1 கதை சொன்னவரே சொல்லக்கூடும். இரண்டும் ஒன்றுக்கொன்று இடிக்கிறதே என்று குழம்பாதே. புது வசதிகளோடு வரும் வெர்ஷன் வேறு, பாதுகாப்புப் பேட்ச் வேறு. முதலாவதில் நிதானம் வேண்டும், இரண்டாவதில் வேகம் வேண்டும்.

அடுத்து களை. இதைக் கேட்டால்தான் உனக்கு அதிக எரிச்சல். அபார்ட்மெண்டில் இருக்கிறாய், உனக்கு லான் இல்லை. இருந்தாலும் கேள். சனிக்கிழமை ராத்திரி பேட்ச் போடுகிறவர் சனிக்கிழமை காலையில் புல் வெட்டியாக வேண்டும். அதனால் இரண்டு பேச்சும் ஒரே வாயில் வருகிறது. உன் ஊருக்கு வடமேற்கே கொஞ்ச தூரத்தில் இருக்கும் மேரிஸ்வில்லில்தான் ஸ்காட்ஸ் கம்பெனி. 1868-இல் களை கலக்காத விதை விற்கத் தொடங்கிய கடை அது. ஒஹாயோக்காரர்களுக்குப் புல் என்பது அக்கம்பக்கத்து மானப் பிரச்சினை.

அவர்கள் திட்டும் களைகளில் இரண்டைத் தெரிந்துகொள். கிராப்கிராஸ் ஒருபருவப் புல். முதல் கடும் பனியில் தானே செத்துவிடும், விதையைப் போட்டுவிட்டுத்தான் சாகும். வசந்தத்தில் மண்ணின் சூடு சுமார் 55 டிகிரி ஃபாரன்ஹீட்டில் சில நாள் நிலைத்தால் முளைக்கும். முளைவிடாமல் தடுக்கும் மருந்தை அதற்கு முன்பே போட வேண்டும். முளைத்த பிறகு போட்டால் காசு தண்டம். மஞ்சளாகப் பூக்கும் ஃபார்சித்தியா புதர் பூத்தால் மருந்து போடு என்பது ஊர்க்கணக்கு. அதே மருந்து நல்ல புல் விதையையும் முளைக்கவிடாது என்பதால், அந்தப் பருவத்தில் புது விதை தூவ முடியாது. டேண்டலயன் வேறு சாதி. பல ஆண்டு வாழும், ஆணிவேர் ஆழமாக இறங்கும், மேலே பிடுங்கினால் உள்ளே அறுந்த துண்டு மறுபடி தழைக்கும். அதற்கு மருந்தடிக்க நல்ல காலம் இலையுதிர்காலம், செடி குளிருக்குத் தயாராகி உணவை வேருக்கு அனுப்பும்போது மருந்தும் சேர்ந்து இறங்கும். கோரையைப் பிடுங்கிப் பிடுங்கிச் சலித்த உன் தாத்தாவிடம் சொன்னால் ஒரே வரியில் புரிந்துகொள்வார்.

எது களை என்பதே இடத்துக்கும் காலத்துக்கும் மாறும். பிள்ளையாருக்கு நாம் சாத்தும் அருகம்புல்தான் அமெரிக்காவில் பெர்முடா கிராஸ். ஜார்ஜியாவிலும் டெக்சாஸிலும் காசு கொடுத்து வாங்கி லான் போடுகிறார்கள். ஒஹாயோவில் அதுவே குளிர்காலத்தில் பழுப்படிக்கும் களை. குளோவர் ஒரு காலத்தில் லான் விதையோடு கலந்தே விற்கப்பட்டது. 1940-களின் நடுவில் 2,4-டி என்ற களைக்கொல்லி வந்தது. அகன்ற இலைச் செடிகளையெல்லாம் கொன்ற அந்த மருந்து குளோவரையும் கொன்றது. பிறகு குளோவரும் களைப் பட்டியலில் சேர்ந்துவிட்டது. ஆக, களை பற்றி யாராவது அடித்துச் சொன்னால், எந்த ஊர், எந்த மாதம், வெயிலா நிழலா என்று கேட்பதுதான் முறை. வெர்ஷன் நம்பர் கேட்பதும் இதே பழக்கம்தான்.

இனி, மேஜையில் எப்படி நடந்துகொள்வது. முதல் சில வாரம் கேட்டுக்கொண்டிரு. சிரிப்புக்குப் பின்னால் கதை இருப்பதாகத் தோன்றினால், மூன்று கேள்வி கேள்: எந்த வெர்ஷனில் நடந்தது, டேட்டாபேஸ் எவ்வளவு பெரியது, கடைசியில் எப்படிச் சரிசெய்தீர்கள்? இந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்லாத டிபிஏவை நான் பார்த்ததில்லை. தன் ராத்திரிக் கதையைக் கேட்க ஒரு ஆள் கிடைத்ததே என்று கடகடவென்று சொல்வார்கள். சீட்டுக்குத் திரும்பியதும் ரிலீஸ் நோட்ஸைத் திறந்து, அந்தப் பிழை எந்த அப்டேட்டில் சரியானது என்று பார். பாதி நேரம் அது எப்போதோ சரியாகியிருக்கும். அதை அடுத்த நாள் பணிவாகச் சொல். ‘நீங்கள் சொன்னது தப்பு’ என்று தொடங்காதே, ‘தேடிப் பார்த்தேன், இப்படி இருக்கிறது’ என்று தொடங்கு. பெரியவர்களுக்கும் மரியாதை, உண்மைக்கும் மரியாதை.

சில எல்லைகளும் உண்டு. சர்வர் பெயர், பாஸ்வேர்டு, கஸ்டமர் விவரம் இவற்றை வேடிக்கைக்குக்கூட வாயில் வைக்காதே. டெவலப்பர்களை மட்டம் தட்டும் ஜோக்குக்குச் சிரிக்காதே. அவர்கள் உதவி உனக்கு ராத்திரி இரண்டு மணிக்குத் தேவைப்படும். உன் கேள்விக்கு ஜோக் மட்டுமே பதிலாக வந்தால், பிறகு தனியாகப் போய் மறுபடி கேள். மேஜையில் எடுத்த முடிவை மேஜையோடு விடாதே. அப்கிரேடைத் தள்ளிப்போடுவது என்றால் காரணத்தையும், எப்போது மறுபடி பார்ப்போம் என்ற தேதியையும் டிக்கெட்டில் எழுதிவை. தேதி இல்லாத ‘பொறு’ தான் ஸ்லாமரில் போய் முடிந்தது.

இன்னும் சில வருஷத்தில் உன்னிடமும் கேட்க ஒரு சின்னப் பெண் வருவாள். அப்போது உன் அனுபவத்தைச் சொல்லும்போதே வெர்ஷனையும் வருஷத்தையும் சேர்த்துச் சொல். அவள் கேட்டு வாங்க வேண்டிய நிலை வரக் கூடாது.

அம்மாவுக்குப் போன் பண்ணு. நாளைக்கு டப்பாவை எடுத்துக்கொண்டு அந்த மேஜைக்குப் போ.

அன்புடன்,
மாமா