பிராங்க்ளின் செய்த பயிற்சி

பாஸ்டன் அச்சகத்தில் வேலை பழகிய சிறுவயதில் பெஞ்சமின் பிராங்க்ளினின் கைக்கு 'ஸ்பெக்டேட்டர்' என்ற ஆங்கில இதழின் தொகுதி ஒன்று கிடைத்தது. தன் எழுத்து நடையை வளர்க்க, அதில் ஒரு கட்டுரையைப் படித்து, வாக்கியத்துக்கு வாக்கியம் சிறு குறிப்பெடுத்து, சில நாள் ஒதுக்கி வைப்பார். பிறகு குறிப்பை மட்டும் பார்த்துக் கட்டுரையைத் தானே எழுதி, மூலத்தோடு ஒப்பிட்டுத் திருத்துவார். சொற்கள் போதாமல் திண்டாடியபோது கதைகளைச் செய்யுளாக்கினார். சந்தத்துக்குப் பொருந்த, ஒரே பொருளில் பல சொற்களைத் தேடியாக வேண்டுமே!

ஆங்கிலத்தில் எழுதப் பழக விரும்பும் நாமும், ஆங்கில நாளிதழின் தலையங்கத்தில் ஒரே ஒரு பத்தியை வைத்து இந்தப் பயிற்சியை இன்றே தொடங்கலாம்.

சொல்வளம் பெருக்க விரும்பும் கல்லூரி மாணவர்களுக்கு, ஆவெரில் காக்ஸ்ஹெட் 2000இல் வெளியிட்ட, 570 ஆங்கிலச் சொற்குடும்பங்களின் (ஒரு சொல்லும் அதன் பிற வடிவங்களும் சேர்ந்தது ஒரு குடும்பம்) பட்டியல் அருமையான துணை. புதுச் சொல்லை அது வந்த வாக்கியத்தோடு அட்டையில் எழுத வேண்டும். மறந்த அட்டையை மறுநாளே எடுக்கலாம்; நினைவில் நின்றதை ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் போதும்.