மதிப்பெண் இல்லாத பக்கங்கள்

தில்லிக் கல்லூரி ஒன்றில் முதலாண்டு மாணவர்களுக்கு ஆங்கிலக் கட்டுரைப் பயிற்சி அளித்து வருகிறேன். கட்டுரை என்றாலே முன்னுரை, பொருள், முடிவுரை என்று பள்ளியிலேயே பழக்கிவிடுகிறோம். 'என் ஊர்' என்று தலைப்புக் கொடுத்தால் மக்கள்தொகையும் பார்க்க வேண்டிய இடங்களும் வருகின்றன, எழுதியவரைத்தான் காணோம்!

அமெரிக்க ஆசிரியர் பீட்டர் எல்போ 1973-இல் வெளியிட்ட நூலில் இதற்கு ஒரு வழி சொன்னார். பத்து நிமிடம் பேனா நிற்காமல் எழுத வேண்டும். பிழை திருத்தக் கூடாது. எதுவும் தோன்றவில்லையென்றால் அதையே எழுதலாம். என் வகுப்பின் முதல் பத்து நிமிடம் இதற்குத்தான். அந்தப் பக்கங்களை நான் கேட்டு வாங்குவதில்லை.

இத்தகைய எழுத்து மனத்துக்கும் உடலுக்கும் என்ன செய்கிறது என்று ஆராய்ந்தவர் ஜேம்ஸ் பென்னிபேக்கர் என்ற உளவியல் பேராசிரியர். 1986-இல் சாண்ட்ரா பீல் என்பவருடன் அவர் வெளியிட்ட ஆய்வில் 46 கல்லூரி மாணவர்கள் நான்கு நாள் தொடர்ந்து, நாளுக்கு 15 நிமிடம் எழுதினர். சிலருக்குச் சாதாரணத் தலைப்பு. மற்றவர்களுக்கு, வாழ்வில் தங்களை மிகவும் வருத்திய நிகழ்ச்சி. நடந்ததையும் அதனால் மனம் பட்ட பாட்டையும் சேர்த்து எழுதியவர்கள் அடுத்த ஆறு மாதத்தில் மருத்துவரை நாடியது குறைவு. ஆனால் எழுதி முடித்த உடனே அவர்கள் மனம் கனத்துத்தான் இருந்தது. இரத்த அழுத்தமும் ஏறியிருந்தது. இதை மறைக்கக் கூடாது. 2006-இல் 146 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, பயன் உண்டு, சராசரியில் அது சிறியது என்றே தெரிந்தது.

யாருக்குப் பயன் அதிகம்? நாளாக ஆக 'ஏனென்றால்', 'இப்போது புரிகிறது' போன்ற சொற்கள் பெருகியவர்களுக்கு என்று பென்னிபேக்கர் பின்னர் கண்டார். வெறும் புலம்பல் போதாது போலும்.

என் மாணவி ஒருத்தி, தமிழ்ப் பெண். அவள் அனுமதியுடன் சொல்கிறேன். கும்பகோணத்தில் பாட்டி இறந்தபோது, பரீட்சை என்று அவளை விட்டுவிட்டு அப்பா மட்டும் போய் வந்தார். அதன்பின் வீட்டில் யாரும் அதைப் பேசவில்லை. "சார், இங்கிலீஷ்ல இது வரலை" என்றாள். தமிழ் எழுத்து தெரியாது. தமிழையே இந்தி எழுத்தில் எழுதினாள். இரண்டு நாளும் அப்பா மேல் கோபம். மூன்றாம் நாள், அந்த நீண்ட ரயில் பயணத்தில் அப்பா யாரிடம் அழுதிருப்பார் என்று எழுதியிருந்தாள். அதைத் தானாகவே என்னிடம் காட்டினாள். நான் சிவப்பு மையைத் தொடவில்லை. பிறகு அதையே கட்டுரையாக்க விரும்பினாள். அப்போதுதான் பாட்டியைத் தெரியாத ஒருவருக்கு என்னென்ன சொல்ல வேண்டும் என்ற பாடம் தொடங்கியது. அந்தக் கட்டுரைக்கு மதிப்பெண் போட்டேன், பிழையும் திருத்தினேன்.

வீட்டிலும் இதைச் செய்யலாம். ஆனால் பிள்ளையின் நோட்டைப் பிரிப்பது பெற்றோர் உரிமை என்று நம்மில் பலர் நினைக்கிறோம். அந்த எண்ணம் இருக்கும் வீட்டில் எவரும் உண்மையை எழுத மாட்டார்கள். எழுதும்போது தாங்க முடியவில்லையென்றால் நிறுத்திவிட வேண்டும். தூக்கமும் சாப்பாடும் கெட்டுப் போயிருந்தால் நோட்டை நம்பாமல் மருத்துவரிடம் போக வேண்டும். மற்றபடி, நாற்பது பக்க நோட்டு ஒன்று போதும். எந்த மொழியும் ஆகலாம், எந்த எழுத்தும் ஆகலாம். எழுதியதைக் கிழித்துப் போட நினைத்தால் கிழிக்கட்டும்.