இத்தாவோடு பிள்ளைகளின் செலவு முடிந்துவிடுமா?



தலாக் பேசி முடிக்கும் இடங்களில் அடிக்கடி காதில் விழும் பேச்சு ஒன்று உண்டு. "மஹரைக் கொடுத்துட்டேன், இத்தா செலவையும் கொடுத்துட்டேன், கணக்கு முடிஞ்சுது ஹஜ்ரத்." சரி, அவள் விரலைப் பிடித்து நிற்கும் பிள்ளையின் கணக்கு?

அத்தலாக் அத்தியாயத்தின் 6, 7 வசனங்களை எடுத்துப் பாருங்கள். பிரிந்துபோன தாய் பாலூட்டினால் அதற்கும் தகப்பன் கூலி கொடுக்க வேண்டும். வசதியுள்ளவன் வசதிக்கேற்பவும், நெருக்கடியில் இருப்பவன் அல்லாஹ் கொடுத்ததிலிருந்தும் கொடுக்க வேண்டும். பாலுக்கே கூலி என்றால், பள்ளிக்கூடக் கட்டணமும் மருந்துச் செலவும் யார் தலையில்?

கணவர் அபூசுஃப்யான் (ரலி) போதிய செலவு தருவதில்லை என்று ஹிந்த் (ரலி) வந்து முறையிட்டார்கள். பொறுத்துப் போ என்று நபி (ஸல்) அவர்கள் திருப்பி அனுப்பவில்லை. தனக்கும் பிள்ளைகளுக்கும் போதுமானதை நியாயமான அளவில் அவர் பொருளிலிருந்து எடுத்துக்கொள்ள அனுமதித்தார்கள் (புகாரி, முஸ்லிம்). கேட்காமலே எடுக்கலாம் என்றால் அது உரிமைதானே!

1985இன் ஷா பானு தீர்ப்பு முதல், பொதுச் சட்டப்படியும் ஜீவனாம்சம் கேட்கலாம் என்ற 10.7.2024 தீர்ப்பு வரை, நடந்த வாதமெல்லாம் தலாக் ஆன பெண்ணைப் பற்றியது. அதில் நம் ஆலிம்களிடம் மாற்றுக் கருத்துகள் உண்டு. பிள்ளைகள் விஷயம் அப்படியில்லை. வசதியுள்ள முஸ்லிம் தகப்பன், தம்மைத் தாமே காத்துக்கொள்ள முடியாத பிள்ளைகளை, மகன் என்றால் பருவ வயது வரையும் மகள் என்றால் திருமணம் வரையும் பராமரித்தே ஆக வேண்டும் என்று 1997இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. நம் ஃபிக்ஹு நூல்களில் முன்பே இருப்பதுதான் இது.

ஜமாஅத் நிர்வாகிகளுக்கு ஒரு வார்த்தை. மனைவிக்குக் கொடுக்காமல் விட்ட செலவு ஷாஃபிஈ மத்ஹபில் கடனாக நிற்கும். ஹனஃபியில், காழி தீர்மானித்திருந்தால் அல்லது இருவரும் ஒரு தொகைக்கு ஒப்பியிருந்தால்தான் பழைய பாக்கியைக் கேட்க முடியும். ஆகவே மனத்தாங்கல் தொடங்கும்போதே மாதம் எவ்வளவு என்று தொகையை எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். "பார்த்துக் கொடுப்பார்" என்று எழுதாதீர்கள். அப்படி எழுதியதை வைத்து யாரும் அரிசி வாங்க முடியாது.

பேசியும் தரவில்லையா? ராஜபாளையத்தில் தாய் வீட்டுக்கு வந்துவிட்ட பெண், கணவன் சென்னையில் இருந்தாலும் அங்கே அலைய வேண்டியதில்லை. தான் குடியிருக்கும் எல்லைக்குரிய நீதிமன்றத்திலேயே மனுப் போடலாம். வக்கீல் வைக்க வழியில்லை என்றால் ஸ்ரீவில்லிபுத்தூரில் உள்ள மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச உதவி உண்டு. ஜீவனாம்சம் மனுப் போட்ட தேதியிலிருந்து கணக்கிடப்பட வேண்டும் என்று 2020இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருப்பதால், மனுவைத் தள்ளிப்போடாதீர்கள். உத்தரவு வந்தபின் பாக்கி விழுந்தால் ஓராண்டுக்குள் வசூல் மனுவும் கொடுத்துவிட வேண்டும்.

தகப்பன்மார்களே, பணத்தைக் கையில் கொடுக்காமல் வங்கிக் கணக்கில் போடுங்கள். பிறகு யாரும் மறுக்க முடியாது. கொடுக்காதவரை நீதிமன்றம் சிறைக்கு அனுப்பலாம். சிறை போய்வந்தாலும் பாக்கி பாக்கியாகவே நிற்கும்.