‘ஃபேனை டைரக்ட் போட்டாச்சு, இனி ஹீட்டே ஆகாது!’

கத்திரி வெயில் நெருங்கினால் போதும், ஒயரிங் கடைக்கு வருகிறவர்கள் ஒரே பாட்டைப் பாடத் தொடங்கிவிடுகிறார்கள். “ரேடியேட்டர் ஃபேனை டைரக்ட் போட்டுட்டா எஞ்சின் ஹீட்டே ஆகாதாமே அண்ணே? அரை மணி நேர வேலைதானாம்.” கேட்கிறவர்களில் பாதிப் பேர் ஏற்கெனவே போட்டுவிட்டு, நான் தலையாட்ட வேண்டும் என்பதற்காகவே கேட்கிறார்கள். இதற்கு வாட்ஸ்அப்பில் வீடியோ வேறு சுற்றுகிறது. தலையாட்ட மாட்டேன். ஏன் என்று வாயால் சொல்லி அலுத்துவிட்டது, எழுதியே தொலைக்கிறேன்.

ரேடியேட்டருக்குப் பின்னால் இருக்கிற மின்விசிறி தானாக ஓடி, தானாக நிற்கும். கூலன்ட் சுமார் 95 டிகிரி செல்சியஸைத் தொட்டதும் ஓடும். நாலைந்து டிகிரி இறங்கியதும் நிற்கும். வண்டிக்கு வண்டி கொஞ்சம் முன்பின் இருக்கும். பழைய கார்களில் ரேடியேட்டரிலேயே திருகியிருக்கும் ஒரு வெப்ப சுவிட்ச் இந்த வேலையைப் பார்த்தது. இப்போது சென்சார் சொல்ல, எஞ்சினை ஆளும் கணினியான ஈசியூ ரிலேயை இழுக்கிறது. இதையெல்லாம் ஓரங்கட்டிவிட்டு, சாவியைத் திருப்பியதுமே ஃபேன் சுற்றும்படி ஒயரை இழுத்துக் கட்டுவதற்குத்தான் ‘டைரக்ட்’ என்று பெயர்.

இந்த ஆசை அம்பாசடர் காலத்து மிச்சம் என்று நினைக்கிறேன். அதில் விசிறி வாட்டர் பம்ப் புல்லியோடு சேர்ந்தே இருக்கும். பெல்ட் சுற்றினால் அதுவும் சுற்றும், மழையானாலும் வெயிலானாலும் ஓய்வே கிடையாது. 1983-இல் வந்த மாருதி 800-இல் எஞ்சின் குறுக்காக உட்கார்ந்தது. விசிறியை பெல்ட்டில் மாட்ட வழியில்லை, மின்மோட்டார் வந்தது. அம்பாசடரில் கைபழகிய தலைமுறைக்கு, நிற்கிற ஃபேனைப் பார்த்தாலே கைகால் பதறும். அந்தப் பதற்றம்தான் வாரிசுகளுக்கும் வந்திருக்கிறது.

சரி, டைரக்ட் போட்டால் எஞ்சின் உண்மையிலேயே குளிருமா? எஞ்சினின் வெப்பத்தைப் பிடித்து நிறுத்துவது தெர்மோஸ்டாட் வால்வு. அதற்குள் இருக்கும் மெழுகு உருகி விரிந்து, பெரும்பாலான கார்களில் 82-லிருந்து 88 டிகிரிக்குள் வால்வைத் திறக்கும். அதற்குக் கீழே இறங்கினால் மூடிக்கொள்ளும். ஆகவே வால்வு ஒழுங்காக இருக்கும்வரை நீங்கள் நாள் முழுக்க ஃபேனை ஓட்டினாலும் டிராஃபிக்கில் பத்து டிகிரி குறையலாம், அவ்வளவே. அந்தப் பத்து டிகிரியால் எஞ்சினுக்கு ஒரு லாபமும் இல்லை. 95 டிகிரி என்பது ஆபத்தும் இல்லை. 0.9 பார் அழுத்த மூடி போட்ட ரேடியேட்டரில் வெறும் தண்ணீர்கூட சுமார் 118 டிகிரி வரை கொதிக்காது. பாதிக்குப் பாதி கூலன்ட் கலந்திருந்தால் 125-ஐத் தாண்டும். கம்பெனிக்காரன் கணக்குப் போட்டுத்தான் 95-இல் ஃபேனை வைத்திருக்கிறான்.

அடுத்து, வண்டி எங்கே ஹீட் ஆகிறது என்று ஒரு கேள்வி. இதை யாரும் கேட்பதே இல்லை. ஐம்பது கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டிவிட்டால் எதிர்க்காற்றே ரேடியேட்டருக்குப் போதும். ஃபேனுக்கு அங்கே வேலை கிடையாது. உளுந்தூர்பேட்டை பைபாஸில் தொண்ணூறில் போகும்போது வெப்பம் காட்டும் முள் ஏறினால், ரேடியேட்டர் அடைத்திருக்கிறது, வாட்டர் பம்ப் தேய்ந்திருக்கிறது, வால்வு ஒட்டிக்கொண்டது, இல்லையென்றால் ஹெட் கேஸ்கெட் போய்விட்டது. இந்த நாலில் எதற்கும் ஃபேன் மருந்து இல்லை. சிக்னலில் நின்றால் மட்டும் ஏறுகிறது, ஓடினால் இறங்குகிறது என்றால் ஃபேன் பக்கம் பார்க்கலாம். கொல்லிமலையின் எழுபது கொண்டை ஊசி வளைவுகளில் ஏ.சி. போட்டுக்கொண்டு இரண்டாம் கியரில் ஏறும்போதும் அப்படித்தான். அங்கே ஃபேன் ஓடியே ஆக வேண்டும். ஓடவும் செய்யும், நீங்கள் டைரக்ட் போடாமலே.

நான் ஒயரிங்காரன். என் வயிற்றெரிச்சல் முழுக்க ஒயரில்தான். சின்னக் கார் ஃபேன்கூட 10 ஆம்பியர், பெரியது 20 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். கிளம்பும் அந்தக் கணத்தில் அதைப்போல் பல மடங்கு. இதை டேஷ்போர்டில் ஒரு ஃபாக் லேம்ப் சுவிட்ச் வழியாக, இக்னிஷன் ஒயரைச் சுரண்டி முறுக்கி, மேலே கறுப்பு டேப் சுற்றிக் கொடுக்கிறார்கள். முறுக்கிய ஜாயின்டில் 0.1 ஓம் தடை இருந்தால் போதும். 15 ஆம்பியர் ஓடும்போது அங்கே 22 வாட் வெப்பம் பிறக்கும். அதாவது ஒரு சின்ன சால்டரிங் அயர்னை டேப்புக்குள் சுற்றி, டேஷ்போர்டுக்குப் பின்னால் வைத்துவிட்டுக் குடும்பத்தோடு திருச்செந்தூர் போகிறீர்கள். அப்படி வந்த வண்டியில் டேப்பைப் பிரித்தால் பசை உருகி வழிந்திருக்கும், ஒயரின் சிவப்புத் தோல் பழுப்பாகி விரலில் பொடிப்பொடியாக உதிரும், செம்பு கறுத்திருக்கும். போதாக்குறைக்கு, அடிக்கடி ஃபியூஸ் போகிறதென்று அந்த இடத்தில் ஒரு துண்டுக் கம்பியைச் செருகியிருப்பார் இன்னொரு புண்ணியவான். ஓடுகிற வண்டியில் புகை வந்தது என்றால் ‘கம்பெனி டிஃபெக்ட்’ என்று கத்துவோம்.

இன்னொரு சேதம் கண்ணுக்குத் தெரியாது. ஃபேன் எப்போது ஓடுகிறது, எத்தனை தரம் ஓடுகிறது என்பதே ஒரு துப்பு. போன மாதம் எப்போதாவது ஓடிய ஃபேன் இந்த மாதம் நிற்காமல் ஓடுகிறதென்றால், ரேடியேட்டர் அடைக்கிறது அல்லது கூலன்ட் குறைகிறது என்று வண்டி முன்கூட்டியே சொல்கிறது. டைரக்ட் போட்டவர் அந்தக் காதைப் பொத்திக்கொள்கிறார். ஃபேன் ஓடாததற்கான மூலகாரணமும் அப்படியே கிடக்கும். இரண்டு வேகமுள்ள ஃபேன்களில் மெதுவான வேகத்துக்கென்று ஒரு ரெசிஸ்டர் உண்டு; ஃபேன் கூட்டிலேயே திருகியிருக்கும். அது எரிந்துபோனால் மெதுவேகம் மட்டும் போய்விடும். ‘ஃபேன் லேட்டா ஓடுது’ என்று வருகிற வண்டிகளில் இதைத்தான் முதலில் பார்ப்பேன். மலிவான சாமான். அதை மாற்றாமல் வண்டியையே அறுத்து ஒட்டுகிறார்கள். சாவியை எடுத்த பிறகும் சில நிமிடம் ஓடி எஞ்சினின் மிச்சச் சூட்டை இறக்கும் ஃபேன்கள் இருக்கின்றன. இக்னிஷனில் கட்டினால் அந்த வசதியும் போச்சு.

டைரக்டைவிடப் புத்திசாலித்தனம் என்று நினைத்துச் செய்கிற இரண்டு குறுக்குவழிகள் உண்டு. ஒன்று, கூலன்ட் சென்சாரின் சாக்கெட்டைப் பிடுங்கிவிடுவது. ஈசியூ பயந்துபோய், பாதுகாப்புக்காக ஃபேனை முழுவேகத்தில் ஓட்டும். அதோடு பி0118 என்ற பிழைக்குறியைப் பதிந்து, எஞ்சின் விளக்கைப் போட்டு, குத்துமதிப்பான வெப்பத்தை வைத்துக்கொண்டு பெட்ரோலை அளக்கும். பல வண்டிகளில் ஏ.சி.யையும் நிறுத்திவிடும். இன்னொன்று, சென்சாருக்குப் பக்கவாட்டில் ஒரு ரெசிஸ்டரைச் சேர்ப்பது. சூடு ஏற ஏற இந்த சென்சாரின் தடை குறையும். 20 டிகிரியில் இரண்டரை ஆயிரம் ஓம் அளவில் இருப்பது 80 டிகிரியில் முந்நூறு சொச்சத்துக்கு வந்துவிடும். பக்கவாட்டில் ரெசிஸ்டர் வைத்தால் மொத்தத் தடை இன்னும் குறையும், எஞ்சின் இருப்பதைவிடச் சூடு என்று ஈசியூ நம்பும், ஃபேன் சீக்கிரம் ஓடும். காலையில் எஞ்சின் சில்லென்று இருக்கும்போதும் அது அப்படியே நம்பித் தொலைக்கும் என்பதை வீடியோ போட்டவர் சொல்லமாட்டார். கொடுக்க வேண்டிய கூடுதல் பெட்ரோலைக் கொடுக்காது. ஊட்டியில் விடிகாலை ஸ்டார்ட் ஆகாமல் தள்ளும்போது புரியும்.

எனக்கு சுவிட்ச் வேண்டும்தான், மலை ஏறும் முன்பே ஃபேனை ஓட்ட வேண்டும் என்று அடம்பிடிப்பவர்கள், தானியங்கியைக் கழற்றாமல் அதற்கு இணையாகப் போடுங்கள். 40 ஆம்பியர் ரிலே ஒன்று. அதன் 30, 87 கால்கள் வழியாகத்தான் ஃபேனின் கரன்ட் போக வேண்டும். உங்கள் சுவிட்ச் 85, 86 கால்களில் இருக்கும் சுருளை மட்டும் இழுக்கட்டும், அதற்கு அரைக்கால் ஆம்பியர் போல இருந்தால் போதும். பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஃபியூஸ். 4 சதுர மில்லிமீட்டர் ஒயர், முறையாக நசுக்கிய டெர்மினல். முறுக்கல் கூடாது, டேப் வைத்தியம் கூடாது. ஈசியூவே வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் புதுவகை ஃபேன் உள்ள வண்டி என்றால் இதையும் செய்யாதீர்கள், கையைக் கட்டிக்கொண்டு இருங்கள்.

நான் மனசாரப் போட்டுக் கொடுப்பது வேறொரு சுவிட்ச்: ஃபேனை நிறுத்துவதற்கான சுவிட்ச். தேங்கிய தண்ணீரில் இறங்கும்போது சுற்றுகிற விசிறி தண்ணீரை அறைந்து முன்பக்கமாக வளையும், ரேடியேட்டரைக் கிழிக்கும், மோட்டார் எரியும். 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் சென்னைத் தெருக்கள் எப்படிக் கிடந்தன என்று எல்லோருக்கும் தெரியும். டைரக்ட் போட்ட வண்டியில் அந்தத் தண்ணீரில் இறங்கும்போதும் ஃபேன் ஓடிக்கொண்டுதான் இருக்கும். கரையேறியதும் மறக்காமல் போடும்படி, சுவிட்சில் சிவப்பு விளக்கு ஒன்றும் வையுங்கள்.

மற்ற புளுகுகளுக்கு இவ்வளவு மரியாதை தேவையில்லை. ‘தெர்மோஸ்டாட் வால்வைக் கழட்டிப் போட்டா நம்ம ஊர் வெயிலுக்கு நல்லது.’ நல்லதே இல்லை. எஞ்சின் சூடேறாமல் பெட்ரோல் குடிக்கும், ஆயில் கெடும், பி0128 பிழைக்குறி வரும். பைபாஸ் குழாயையும் வால்வே மூடும் எஞ்சின்களில் கூலன்ட் ரேடியேட்டருக்குள் போகாமலே சுற்றிவந்து இன்னும் ஹீட் ஆகும். ‘முள் நடுவில் நின்றால் எல்லாம் சரி.’ பல புதுக் கார்களில் சுமார் 75-லிருந்து 105 வரைக்கும் முள்ளை நடுவிலேயே நிற்கும்படி செய்து வைத்திருக்கிறார்கள். அது நகர்ந்துவிட்டால் ஓரம்கட்டுங்கள். ‘ஹீட் ஆனால் ஹீட்டரைப் போடு என்பது கிண்டல்.’ இல்லை, அது நிஜம். எஞ்சின் சூட்டைக் கொஞ்சம் உள்ளே இழுத்துக்கொள்ளும், வேர்த்து ஊற்றினாலும் போடுங்கள். ‘ஃபேன் சுற்றுகிறது, அப்போ சரி.’ மோட்டார் மாற்றும்போது பாசிட்டிவ், எர்த் இரண்டையும் மாற்றிக் கட்டினால் அதே ஃபேன் எதிர்ப்பக்கம் சுற்றும், எதிர்க்காற்றோடு மல்லுக்கு நிற்கும். கிரில்லுக்கு முன்னால் ஒரு நியூஸ்பேப்பர் தாளைப் பிடியுங்கள். உள்ளே இழுத்து ஒட்டிக்கொள்ள வேண்டும்.

‘ஊருல எல்லாரும் தண்ணிதானே ஊத்துறாங்க’ என்பதற்கு மட்டும் நின்று பதில் சொல்ல வேண்டும். ஃபேனைக் குறைசொல்லி வருகிற வண்டிகளில் ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் காபி நிறத்தில் ஒரு குழம்பு. போர்வெல் தண்ணீர்! குக்கரில் வெள்ளையாகப் படிகிற அதே சுண்ணாம்பு, ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களுக்குள்ளும் படியும். துரு வேறு. எந்த ஃபேனும் அந்தச் சுவரைத் தாண்டிக் காற்றடிக்க முடியாது. கூலன்ட் என்றால் குளிர்நாட்டுக்காரர்களுக்கு உறைபனிக்காக என்று நினைக்கிறார்கள்; நமக்கு அது கொதிநிலையை ஏற்றவும், அலுமினிய ஹெட்டை அரிப்பிலிருந்து காக்கவும். கலக்காத கூலன்ட் வாங்கினால் பாதிக்குப் பாதி டிஸ்டில்ட் வாட்டர் சேருங்கள், பேட்டரிக் கடையில் கிடைக்கும். கலந்தே வருவது என்று டப்பாவில் போட்டிருந்தால் ஒரு சொட்டுத் தண்ணீரும் சேர்க்காதீர்கள். பச்சையா சிவப்பா என்று நிறத்தைப் பார்த்து வாங்காமல், கார் புத்தகத்தில் எந்த வகை என்று எழுதியிருக்கிறதோ அதைக் கேளுங்கள். மூடியின் ரப்பர் வெடித்திருந்தால் அதையும் மாற்றிவிடுங்கள். எஞ்சின் ஆறிய பிறகு மட்டும் திறங்கள்.